புள்ளலூர்ப் போருக்கு 480 வெள்ளி கொடுத்து ஏமாந்தேன்

மேசைமேல் பொம்மைகளை நகர்த்தி ஆடும் போர் விளையாட்டுக்காகச் சிவப்புச் சட்டை போட்ட மதராஸ் சிப்பாய்ப் பொம்மைகளைக் கேட்டிருந்தேன். பெட்டியைத் திறந்தால், உள்ளே இருந்தவர்கள் நெப்போலியனின் வீரர்கள். தலையில் உயரமான உருளைத் தொப்பி, முதுகில் மூட்டை, மேலே அவசரமாக அடித்த சிவப்புச் சாயம். அந்தத் தொப்பி ஐரோப்பியப் படைகளில் பரவியது 1800ஆம் ஆண்டையொட்டித்தான். நான் மேசைமேல் நிகழ்த்த நினைத்த போர் நடந்ததோ 1780 செப்டம்பர் 10ஆம் தேதி, காஞ்சிபுரத்துக்கு அருகே. ஆங்கிலேயர் பொள்ளிலூர் என்று எழுதிவைத்த புள்ளலூரில் ஹைதர் அலியும் திப்புவும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் பெய்லியின் படையைச் சூழ்ந்து அழித்தார்கள். மைசூர் ராக்கெட்டுகள் பாய, வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. சில மைல் தொலைவில் பெரும்படையோடு இருந்த கம்பெனித் தளபதி ஹெக்டர் மன்றோ உதவிக்கு வந்து சேரவில்லை. பிறகு தன் கனத்த பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார். நம் ஊர் மண்ணில் நடந்த இந்தப் போரை என் மகளுக்குக் காட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அந்த ஆசையைத்தான் ஒருவர் காசாக்கிக்கொண்டார்.

சிங்கப்பூரின் ஈசூனில் மூவறை வீவக வீடு (அரசு அடுக்குமாடி வீடு) எங்களுடையது. போர் நடத்தச் சாப்பாட்டு மேசை ஒன்றுதான் உண்டு; 120 செ.மீ. நீளம், 75 செ.மீ. அகலம். 28 மி.மீ. உயரப் பொம்மைகளை அதில் நிறுத்தினால் இரு படைகளும் வரிசையில் நின்றதுமே மேசை நிறைந்துவிடும், பக்கவாட்டில் சுற்றி வளைக்க இடமே இராது. புள்ளலூரில் சுற்றி வளைப்பதுதான் கதையே. ஆகவே நானும் என் மைத்துனரும் பல நாள் பேசி 6 மி.மீ. அளவைத் தேர்ந்தெடுத்தோம். மேசையில் ஒரு செ.மீ. என்றால் களத்தில் 20 மீட்டர். வீரர்களை ஒட்டிவைக்கும் 6 செ.மீ. அகலமுள்ள ஓர் அடித்தட்டு 120 மீட்டர் முகப்பு. ஏறக்குறைய ஒரு சிறு பட்டாளம் அணிவகுத்து நிற்கும் நீளம். துப்பாக்கி 5 செ.மீ. வரை சுடும், ராக்கெட் 50 செ.மீ. பறக்கும். கணக்கெல்லாம் அழகாகப் பொருந்திவந்தது.

இணையச் சந்தை ஒன்றில் அவரைக் கண்டேன். வண்ணம் பூசிய 6 மி.மீ. உலோக வீரர்கள், அடித்தட்டுகள், ஏரி, பனைமரங்கள், விரிப்புத் துணி, எல்லாமே சேர்த்து 480 வெள்ளி, நான்கு வாரத்தில் தயார் என்றார். அவர் காட்டிய ஏரிக்கரைப் படம் மனத்தை அள்ளியது. தமிழில் பேசினார், ஹைதர் அலியைப் பற்றி ஆர்வமாகக் கேட்டார். "அண்ணே, நம்ம ஆளுக்குச் செய்கிறேன், மனநிறைவாக இருக்கும்" என்றார். நான் உருகிவிட்டேன். சந்தையின் வழியாகப் பணம் கட்டினால் கட்டணம் பிடிப்பார்கள், பேநவ் என்ற கைப்பேசிப் பணமாற்று வழியாக நேரடியாக அனுப்புங்கள் என்றதும் பாதித் தொகையை அனுப்பினேன். நான்கு வாரம் பத்து வாரமானது. மூலப்பொருள் வரவில்லை, அம்மாவுக்கு உடல்நலமில்லை என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம். அம்மா என்றதும் என்னால் மேலே கேட்க முடியவில்லை. கடைசியில் மீதியையும் அனுப்பிய பிறகே, ஒரு இரவு புளோக்கின் கீழ்த்தளத்தில் பெட்டியைக் கையில் திணித்துவிட்டு, டாக்சி காத்திருக்கிறது என்று விரைந்து போய்விட்டார்.

வீட்டில் அளவுகோலை வைத்துப் பார்த்தேன். பாதத்திலிருந்து கண்வரை 15 மி.மீ. பனைமரங்களோ 2 செ.மீ. உயரம். 24 வீரர்கள் நிற்க வேண்டிய அடித்தட்டில் ஆறு பேர் நெருக்கியடித்து நின்றார்கள். அது பட்டாளமாகத் தெரியவில்லை, பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கூட்டமாகத் தெரிந்தது. அதைவிட மோசம் ஒன்று உண்டு. அவை உலோகமே அல்ல. முப்பரிமாண அச்சில் எடுத்த ரெசின் பொம்மைகள், தொட்டால் பிசுபிசுப்பு, கடுமையான வாடை. அச்சிட்ட ரெசினை ஆல்கஹாலில் கழுவிப் புற ஊதா ஒளியில் முழுதாக இறுக வைக்க வேண்டும். இறுகாத ரெசின் தோலில் பட்டால் அரிக்கும், தடிக்கும். சிலருக்கு ஒவ்வாமையாகவே நிலைத்துவிடும். என் மகள் ஆசையோடு ஒவ்வொன்றாக எடுத்து வரிசையில் வைத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் அவள் விரல்கள் சிவந்திருந்தன. பணத்தைக்கூட மன்னிப்பேன், இதை மன்னிக்க மாட்டேன்.

குறுஞ்செய்தி அனுப்பினேன். "சின்ன வித்தியாசம்தானே அண்ணே, மேசையில் வைத்தால் தெரியாது" என்று ஒரு பதில் வந்தது. அதற்குப் பிறகு என் எண்ணை முடக்கிவிட்டார். அந்த ஏரிப் படத்தைப் படத்தேடலில் போட்டேன். பல ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டு ஆர்வலர் ஒருவர் தம் மேசையைப் படம்பிடித்து வெளியிட்டது அது. ஐந்து நிமிட வேலை. பணம் அனுப்புவதற்கு முன் செய்திருக்க வேண்டும்.

சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை ஏற்கிறது. இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். ஆனால் யார்மீது மனுச் செய்வது? என்னிடம் இருப்பது ஒரு கைப்பேசி எண்ணும் ஒரு புனைபெயரும்தான். சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திடம் எழுதிக் கேட்டிருக்கிறேன், காவல்துறையிடமும் புகார் கொடுத்திருக்கிறேன். நீங்கள் யாரிடமாவது படை செய்யச் சொல்வதாக இருந்தால், முழுப் பெயரையும் முகவரியையும் முதலில் வாங்குங்கள். வண்ணம் பூசிய ஒரே ஒரு வீரனை அளவுகோலுக்குப் பக்கத்தில், அன்றைய நாளிதழின் மேல் நிறுத்திப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உண்மையில் செய்பவருக்கு இது இரண்டு நிமிட வேலை. பணத்தைச் சந்தையின் பாதுகாப்புக் கணக்கிலேயே விடுங்கள். பெட்டியைப் பிரித்து, எண்ணி, முகர்ந்து பார்த்த பிறகு விடுவியுங்கள்.

அந்த ஏரிப் படத்தை இந்த வாரம் மறுபடியும் பார்த்தேன். வேறு பெயர், வேறு எண், விலை 520 வெள்ளி. இடது ஓரத்தில் கரை சற்று உடைந்திருக்கும், உடைப்பின் அருகே இரண்டு மாட்டுவண்டிகள் நிற்கும். அந்தப் படம் உங்கள் கண்ணில் பட்டால் அவரிடம் எதையும் வாங்காதீர்கள். எண்ணைக் குறித்துக்கொண்டு எனக்குத் தெரிவியுங்கள், புகாரோடு சேர்க்கிறேன்.