திகில்பட ஸ்க்ரீன் பிரிண்ட் போஸ்டர்: முதலில் கறுப்பைப் பாருங்கள்

பழைய திகில் படங்களை வைத்து லிமிடெட் எடிஷனாக வரும் ஸ்க்ரீன் பிரிண்ட் (ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனி வலைத்திரை வழியே தாளில் இறக்கும் அச்சு) போஸ்டர்களில் ஓவியம் சோடைபோவது அரிது. சோடைபோவது கறுப்புதான். 1922இல் வந்த நோஸ்ஃபெராட்டுவும் 1931இல் வந்த ஃபிராங்கன்ஸ்டைனும் நிழலை நம்பி எடுத்த படங்கள். அவற்றுக்கு வரையும் போஸ்டரிலும் பாதித் தாளுக்கு மேல் கறுப்பு நிரம்பியிருக்கும். 24×36 அங்குலத் தாளில் அத்தனை பரப்புக்கும் ஒரே சீராக இங்க் இறக்குவது லேசான வேலையல்ல. இங்க்கை இழுத்துத் தள்ளும் ரப்பர் பட்டையான ஸ்க்வீஜியின் அழுத்தம் ஓரிடத்தில் குறைந்தாலும் பட்டை விழும். திரையின் வலைத்துணியான மெஷ்ஷில் இங்க் காய்ந்தாலோ தூசு உட்கார்ந்தாலோ ஊசிமுனையளவு வெள்ளைப் புள்ளிகள் தெரியும். நேராகப் பார்த்தால் இதெல்லாம் கண்ணில் படாது. தாளை விளக்குக்குச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள்.

எட்டு நிறம், ஒன்பது நிறம் என்று விளம்பரத்தில் பெருமையாகப் போடுவார்கள். மூன்றோடு நிறுத்திக்கொண்டவைதான் பெரும்பாலும் தேறுகின்றன. வெளிர் மஞ்சள் தாள், அதன்மேல் ஒளி ஊடுருவும் நீலம், கடைசியில் கறுப்பு: நோஸ்ஃபெராட்டுவுக்கு இதுவே தாராளம். அந்தப் படத்தின் இரவுக் காட்சிகளுக்கே அன்று நீலச்சாயம்தான் ஏற்றினார்கள். நிறம் கூடக்கூட ரெஜிஸ்ட்ரேஷன், அதாவது ஒரு நிறம் இன்னொன்றோடு சரியாகப் பொருந்துவது, தவறும் வாய்ப்பும் கூடும். தண்ணீர் கலந்த இங்க்கில் தாள் விரியும், உலர்த்தும்போது சுருங்கும். ஐந்தாவது, ஆறாவது ஸ்க்ரீன் வரும்போது பழைய இடத்தில் உட்காராது. இதைச் சமாளிக்கத்தான் அடர்நிறத்தை வெளிர்நிறத்தின்மேல் சிறிது ஏறவிட்டு அடிப்பார்கள். அது போதாத இடத்தில், முகத்தின் கோட்டோரம், மயிரிழையாகத் தாளின் நிறம் எட்டிப்பார்க்கும்.

இருட்டில் ஒளிரும் இங்க்கை அளவோடு வைத்தால் அழகு. அதன் துகள் பெரியது. அங்குலத்துக்கு 110 இழை போன்ற கண்ணி அகன்ற மெஷ் வேண்டும், அதில் நுண்கோடு நிற்காது. கண்கள், நிலா, ஜன்னல் இவற்றுக்குச் சரி, தலைமுடிக்கு ஆகாது. யூவி தடுக்கும் அக்ரிலிக் போட்டு ஃபிரேம் செய்தால் ஒளிர்வும் மங்கும். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். (ஹாலோகிராம் ஃபாயிலில் மாற்றுப் பதிப்பாக வரும் வேரியன்ட்டுக்குக் கூடுதல் பணம் தர வேண்டாம். பூதம் மினுமினுத்தால் யார் பயப்படுவார்கள்?)

பென்சிலில் 45/200 (இருநூறு பிரதிகளில் 45ஆம் எண்) என்று எண் போட்டிருப்பதாலேயே அது ஸ்க்ரீன் பிரிண்ட் ஆகிவிடாது. பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் லென்ஸ் வைத்துப் பாருங்கள்: தட்டையான நிறப்பரப்புக்குள் பல நிறப் பொடிப்புள்ளிகள் சிதறிக் கிடந்தால் அது இங்க்ஜெட். ஸ்க்ரீன் பிரிண்டில் நிறம் ஒரே தளமாக இருக்கும், விளிம்பு கூர்மையாக நிற்கும். சின்ன எண்ணுக்கு அதிக விலை சொன்னால் பொருட்படுத்த வேண்டாம். அடித்த வரிசையிலேயே எண் போடுவார்கள் என்பதற்கு உறுதி இல்லை.

தாள் 270 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 270 கிராம்) அளவில் இருந்தால் நல்லது. அதை மூன்று அங்குலத்துக்கும் குறைந்த விட்டமுள்ள குழாயில் சுருட்டி அனுப்புகிறவர்களிடம் வாங்காதீர்கள். வந்ததும் இரு கைகளாலும் எதிரெதிர் ஓரங்களைத் தாங்கி எடுங்கள். ஒரு கையால் தூக்கினால் பிறைவடிவ மடிப்பு விழும், கறுப்பில் அது மறையவே மறையாது. விரல்ரேகையும் அப்படித்தான். சுத்தமான இரண்டு தாள்களுக்கு நடுவே ஓரிரு நாள் படுக்கவைத்தால் சுருள் தணியும்.

ஃபிரேம் கடையில் அட்டையோடு ஒட்டவிடாதீர்கள். அமிலமில்லாத மவுன்ட் (படத்தைச் சுற்றி வரும் ஓர அட்டை) வைத்து, கண்ணாடிக்கும் இங்க்குக்கும் இடைவெளி விடச் சொல்லுங்கள். இடைவெளி இல்லாவிட்டால் ஈரப்பதத்தில் கறுப்பு கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும், பிரிக்கும்போது உரிந்து வரும்.