லினக்ஸ் வைஃபை: டபிள்யூபிஏ சப்ளிகன்ட்டா, ஐடபிள்யூடியா?

லினக்ஸ் மடிக்கணினியில் நம் கண்ணுக்குத் தெரிவது, இணைப்புகளை நிர்வகிக்கும் நெட்வொர்க் மேனேஜர்தான். கடவுச்சொல்லைக் காட்டி வைஃபையை உண்மையில் பிடித்துக்கொடுப்பது அதன் பின்னால் ஓடும் வேறொரு நிரல். பெரும்பாலும் அது டபிள்யூபிஏ சப்ளிகன்ட். பழைய ஆள், அலுவலக, கல்லூரி வைஃபைகளின் சான்றிதழ் கெடுபிடிகளுக்கு நன்றாகப் பழகியது. அங்கே இதை மாற்றவே வேண்டாம்.

அதே வேலையைச் செய்யும், இன்டெல் உருவாக்கிய ஐடபிள்யூடி இளையது, 1.0 பதிப்பு 2019இல் வந்தது. குறியாக்கத்துக்கு ஓபன்எஸ்எஸ்எல் போன்ற வெளி நூலகங்களைத் தேடாமல் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலின் வசதியையே பயன்படுத்துவதால் உருவில் சிறியது. மூடி வைத்த மடிக்கணினியைத் திறந்தால் எனக்குச் சட்டென்று இணைந்துவிடுகிறது. வீட்டுக்கு என் ஓட்டு இதற்கே.

மாற்ற, நெட்வொர்க் மேனேஜரின் அமைப்புக் கோப்பில் ஓரிரு வரிகள் போதும். அப்புறம் பழையதை நிறுத்திவிடுங்கள்; இரண்டும் ஒரே வைஃபை கார்டுக்கு அடித்துக்கொண்டால் இணைப்பு வந்து வந்து போகும்.