பேர் இல்லாத மாத்திரை

கும்பகோணத்தில் மூன்று வாரம் இருந்தேன். விமானம், டாக்சி, அத்தை பேத்தி கல்யாணம் எல்லாம் நல்லபடியாக நடந்தன. எழுத வேண்டியது ஒரு காகிதக் கவரைப் பற்றித்தான்.

எனக்கு இடது காதில் ஆறு வருஷமாக இரைச்சல் உண்டு. குக்கர் விசில் வருவதற்கு முன்னால் மெல்லியதாக ஒரு சீறல் வருமே, அந்த மாதிரி. லண்டனில் அதோடு வாழப் பழகிவிட்டேன். படுக்கும்போது போனில் மழைச் சத்தம் போட்டுக்கொள்வேன், தூங்கிவிடுவேன்.

கல்யாணம் முடிந்த மறுநாள் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வந்தன. பக்கத்துத் தெரு கிளினிக்கில் டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், சீட்டு எழுதினார், மணியை அடித்தார். அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டார். “டாக்டர், எனக்குக் காது இரைச்சல் இருக்கு” என்று சொல்ல வாய் எடுத்தேன். வாசலில் முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். சொல்லாமலே எழுந்து வந்துவிட்டேன்.

என் தம்பிதான் சீட்டை எடுத்துப்போய் மருந்து வாங்கி வந்தான். சீட்டு கடையிலேயே தங்கிவிட்டது. வீட்டுக்கு வந்தது ஒரு பழுப்புக் கவர். மேலே பேனாவில் 1-0-1. உள்ளே கத்தரிக்கோலால் வெட்டிய அட்டையில் ஆறு நீள மாத்திரை. பின்பக்கத் தாளில் 500 என்ற எண்ணும் ஒரு கம்பெனி முகவரியின் வாலும் மட்டும் இருந்தன. பேர் இருந்த பக்கம் கடையில். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்பதற்காக அட்டையின் ஓரத்தில் போடுகிறார்களே ஒரு சிவப்புக் கோடு, அந்தக் கோடு போட்ட ஆன்டிபயாட்டிக்கை டாக்டர் சீட்டு இல்லாமல் சாப்பிடாதீர்கள் என்று 2016-ல் மத்திய சுகாதார அமைச்சகம் பிரசாரமே செய்தது. அந்தக் கோடும் வெட்டுப்பட்டுப் போயிருந்தது.

நம் சின்ன வயதில் கம்பவுண்டர் கலக்கிக் கொடுத்த சிவப்பு மிக்சர் நினைவிருக்கும். பாட்டிலை வீட்டிலிருந்தே கழுவி எடுத்துப்போக வேண்டும். பல் பல்லாக வெட்டிய காகிதத்தை அதன் மேல் ஒட்டித் தருவார். ஒரு பல் ஒரு வேளை. உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை, உடம்பும் சரியாகிவிடும். ஊருக்குள் கால் வைத்ததும் அந்தப் பழைய நம்பிக்கை வந்து ஒட்டிக்கொள்கிறது. லண்டனில் மருந்துப் பெட்டியின் மேல் என் பெயர், மருந்தின் பெயர், எப்படிச் சாப்பிட வேண்டும் எல்லாம் அச்சடித்து ஒட்டியிருக்கும். உள்ளே நாலாக மடித்த தாள். அதைப் படிக்காமல் அங்கே ஒரு மாத்திரைகூட விழுங்க மாட்டேன். இங்கே கேள்வியே கேட்காமல் விழுங்கினேன்.

நாலாவது மாத்திரை போட்ட ராத்திரி, ரெண்டு மணிக்குக் கரண்ட் போனது. ஃபேன் கடகடத்து மெல்ல நின்றது. ஊரில் எனக்கு மழைச் சத்தம் தேவைப்பட்டதே இல்லை, அந்தப் பழைய ஃபேனே போதும். அது நின்ற நிமிஷம் தலைக்குள் ஆயிரம் சுவர்க்கோழி சேர்ந்து கத்துவது போல் இருந்தது. ரெண்டு காதிலும்.

“அம்மா, சுவர்க்கோழி கத்துதா?”

அம்மா கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டாள். “இல்லையேடி. ஒரு சத்தமும் இல்லையே.”

அந்த பதிலைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது.

காலையில் கிளினிக்குக்குப் போனேன். வயிற்று மாத்திரைக்கும் காதுக்கும் சம்பந்தமே இல்லை என்றார்கள். என்ன மாத்திரை என்றாவது சொல்லுங்கள் என்றால், சீட்டைக் கொண்டு வாருங்கள் என்றார்கள். மருந்துக்கடைக்கு நடந்தேன். அங்கே சீட்டைத் தேடிக் காணோம். கவுன்டரில் இருபது வயதுப் பையன். நான் பேசிய குரலில் கோபம் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

“கோவப்படாதீங்கக்கா, அந்த அட்டைய குடுங்க” என்றான்.

கல்லாவுக்குக் கீழிருந்து ஒரு செருப்பு அட்டைப்பெட்டியை எடுத்தான். நிறைய வெட்டுத் துண்டுகள். நம்முடைய துண்டில் கத்தரி கோணலாகப் போய், ஒரு மூலையில் சின்னதாக ஒரு கொக்கி விழுந்திருந்தது. அந்தக் கொக்கிக்குப் பொருந்துகிற பள்ளத்தை ஒவ்வொரு துண்டிலும் தேடினான். வெள்ளை மாத்திரைகளைத் தனியாகப் பிரித்தான். அதில் நீளமானவற்றைத் தனியாக எடுத்தான். ஓரத்தோடு ஓரம் வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பின்னால் நின்றவர்கள் சலித்துக்கொண்டபோது, “அக்காவுக்குக் காது போவுதுங்க, கொஞ்சம் இருங்க” என்றான். கால் மணி நேரம் ஆகியிருக்கும். ரெண்டு துண்டும் ஒரே கோடாகச் சேர்ந்தன. சிப்ரோஃப்ளாக்ஸாசின் என்ற ஆன்டிபயாட்டிக்.

பிரிட்டனில் அந்த மருந்தோடு வரும் தாளில் என்ன போட்டிருக்கிறது என்று அங்கேயே நின்று போனில் தேடினேன். காது இரைச்சல், அரிதாக, ஆயிரம் பேரில் ஒருவர் வரை. அந்த வகை மருந்துகளை, வழக்கமாகக் கொடுக்கும் வேறு ஆன்டிபயாட்டிக் எதுவும் ஒத்துவராதபோது மட்டுமே எழுத வேண்டும் என்று 2024 ஜனவரியில் அங்கே உத்தரவே போட்டுவிட்டார்கள். அதற்குப் பெரிய காரணங்கள் தசைநாண், நரம்பு, மனநிலை சம்பந்தமான பாதிப்புகள். இங்கே அது வயிற்றுப்போக்கு என்றதும் கைக்கு வருகிற மாத்திரை.

அன்று சாயங்காலமே காது டாக்டரைப் பார்த்தேன். லண்டனில் ஜிபியிடம், அதாவது குடும்ப டாக்டரிடம் சொல்லி, காது கிளினிக்கிலிருந்து கடிதம் வர எனக்கு ஐந்து மாதம் ஆனது. இங்கே ஒரு மணி நேரத்தில், கேட்கும் திறனை அளந்து வரைபடமாகத் தரும் ஆடியோகிராமும் முடிந்துவிட்டது. என் பழைய வரைபடம் போனில் இருந்தது. ரெண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, கேட்கும் திறன் குறையவில்லை என்றார் அந்த அம்மாள். வயிறு சரியாகிவிட்டதா என்று கேட்டு, மீதி ரெண்டு மாத்திரையை நிறுத்தச் சொன்னார்.

“ஜென்டாமைசின், அமிகாசின் மாதிரி ஊசி போட்டிருந்தா நான் ரொம்ப பயந்திருப்பேம்மா. அதெல்லாம் உள்காதுல சத்தத்தை வாங்குற மயிரணுவையே கொன்னுடும். செத்தது திரும்ப முளைக்காது. உங்களுக்கு அப்படி இல்ல. இரைச்சல் இறங்க வாரக்கணக்காகலாம். பொறுமையா இருங்க.”

காது இரைச்சல் என்றாலே பீட்டாஹிஸ்டின் என்ற மாத்திரையை எழுதிக்கொடுப்பது நம் ஊர் வழக்கம். இரைச்சலுக்காக மட்டும் அதைக் கொடுக்காதீர்கள் என்று 2020-லேயே பிரிட்டனின் வழிகாட்டுதல் சொல்லிவிட்டது. இந்த டாக்டர் ஒரு மாத்திரைகூட எழுதவில்லை. அமைதியான அறையில் படுக்காதீர்கள், தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள், அதையே கவனித்துக்கொண்டிருக்காதீர்கள் என்று உட்கார வைத்து இருபது நிமிஷம் பேசினார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. நான் சொல்வதை அந்த ஊரில் ஒருவர் முழுசாகக் கேட்டது அப்போதுதான்.

ஊருக்குப் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். காதில் தொந்தரவு இருந்தால் டாக்டர் மணியை அடித்தாலும் சொல்லிவிட்டு எழுந்திருங்கள். சீட்டை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு மாத்திரைதான் வேண்டும் என்றாலும் முழு அட்டையாகக் காசு கொடுத்து வாங்குங்கள். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதியவரையோ வேறு டாக்டரையோ கேளுங்கள்.

லண்டன் திரும்பி ஏழு வாரம் ஆகிறது. வலது காது சுத்தமாக அடங்கிவிட்டது. இடது இன்னும் பழைய அளவுக்கு வரவில்லை. மழைச் சத்தத்துக்குப் பதிலாக, கிளம்புவதற்கு முதல் நாள் ராத்திரி அம்மா வீட்டு ஃபேன் சத்தத்தைப் பதிவு செய்து கொண்டுவந்தேன். அதைத்தான் இப்போது போட்டுக்கொள்கிறேன். நடுவில் ஒரு இடத்தில் அம்மா இருமுவது கேட்கும். அதற்குள் பெரும்பாலும் தூங்கியிருப்பேன்.