வீட்டுச் சாண எரிவாயு: சாணம் சரி, பயிர் வேண்டாம்

எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருப்பது நாளுக்கு 2 கன மீட்டர் வாயு தரும் தீனபந்து வகைச் சாண எரிவாயுக் கலன். செங்கல் குமிழ் மண்ணுக்குள் புதைந்திருக்கும். வெளியே தெரிவது சாணம் கரைக்கும் தொட்டியும், கரைசல் வெளியே வரும் தொட்டியும்தான். பல வருடமாகக் காலைக் காப்பி முதல் ராத்திரி தோசை வரை பெரும்பாலும் இதில்தான். சமையலுக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மார்கழிக் குளிரில் மட்டும் வாயு குறையும். அப்போது சிலிண்டர் துணைக்கு வேண்டும்.

சரி, பருவநிலைக்கு இது நல்லதா? இதற்குத்தான் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

தினம் 50 கிலோ சாணத்தைச் சம அளவு தண்ணீரில் கரைத்து ஊற்றினால் சுமார் 2 கன மீட்டர் வாயு கிடைக்கும். அது ஏறக்குறைய 0.86 கிலோ சிலிண்டர் வாயுவின் வேலையைச் செய்யும். அந்த அளவு சிலிண்டர் வாயுவை எரித்தால் 2.6 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும், அது மிச்சம். ஆனால் சாண வாயுவில் 60 சதவீதம் போல மீத்தேன், அதாவது நாளுக்கு 800 கிராம் அளவுக்கு. நூறு வருடக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைவிட 28 மடங்கு சூடேற்றும். பத்தில் ஒரு பங்கு கசிந்தாலே 2.2 கிலோவுக்குச் சமம். மிச்சம் பிடித்தது கிட்டத்தட்ட அவ்வளவும் போச்சு. சாணம் குப்பைமேட்டில் கிடந்தால் காற்றுப் பட்டு மக்கும், மீத்தேன் குறைவாகத்தான் வரும். காற்றுப் புகாமல் அடைத்து அதை உண்டாக்குவது நாம்தான். முழுக்க எரித்துத் தீர்ப்பதும் நம் பொறுப்பு.

அதனால் குமிழ் உச்சியில் இருக்கும் வால்விலும் அடுப்புக்குப் போகும் ரப்பர் குழாயின் இணைப்புகளிலும் அடிக்கடி சோப்பு நுரை தடவிப் பார்ப்போம். கசிவு இருந்தால் நுரை மெல்ல உப்பிக்கொண்டே வரும். அப்புறம், வாயுவை எரிக்காமல் விட்டால் குமிழ் நிரம்பி, மிச்ச வாயு தொட்டி வழியாகக் கொப்பளித்து வெளியேறிவிடும். சாணம் ஊற்றுவதை நிறுத்தினாலும் வாயு உடனே நிற்காது. ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுத்துவிடுவோம். அவர் வந்து மாட்டுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொள்வார்.

கோ 4 நேப்பியர் புல்லை வெட்டிப் போடலாமா என்று பலரும் கேட்கிறார்கள். மாட்டுக்கு அது அருமையான தீவனம். வீட்டுக் கலனில் நார் மிதந்து ஆடை கட்டிக்கொள்ளும், கிளறி எடுப்பதற்குள் இடுப்பு ஒடிந்துவிடும். அதைவிடப் பெரிய கணக்கு வயலில் இருக்கிறது. புல்லுக்குப் போடும் யூரியாவிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு கிளம்பும். அது கார்பன் டை ஆக்சைடைவிட 273 மடங்கு சூடேற்றுவது. கிணற்று மோட்டாருக்கு நமக்கு மின்கட்டணம் இல்லை, ஆனால் எங்கோ நிலக்கரி எரியத்தான் செய்கிறது. உணவு விளைந்த நிலமும் போகிறது. ஜெர்மனியில் 2004-இல் பயிர்களிலிருந்து எடுக்கும் வாயுவில் தயாரித்த மின்சாரத்துக்குக் கூடுதல் விலை கொடுத்தார்கள். மக்காச்சோளக் காடுகள் பெருகின. 2012-இல் புதிய எரிவாயு ஆலைகளில் போடும் பொருளில் மக்காச்சோளமும் தானியமும் எடையில் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று சட்டத்திலேயே எழுத வேண்டி வந்தது. ஆலைக்காகவே புல் நடச் சொல்லி நம் பக்கம் வருகிறவர்களிடம் உரம், தண்ணீர், நிலம் மூன்றுக்கும் கணக்குக் கேளுங்கள்.

கழிவு என்றால் விஷயமே வேறு. அழுகிய தக்காளி, வாழைப்பழத் தோல், மீந்த கஞ்சி எல்லாம் தாராளமாகப் போகலாம், அளவாக. கஞ்சி அதிகமானால் உள்ளே புளித்துவிடும். வரும் வாயு தீக்குச்சியைக் காட்டினாலும் பற்றாது. அப்போது சில நாள் சாணக் கரைசல் மட்டும் ஊற்றினால் சரியாகும்.

வெளியே வரும் கரைசலைத் திறந்த குழியில் தேக்கினால் அதிலிருந்தும் மீத்தேன் வந்துகொண்டே இருக்கும். நாங்கள் சருகோடு கலந்து சீக்கிரமே வாழைக்கும் மஞ்சளுக்கும் கொண்டுபோய் மண்ணில் கிளறிவிடுகிறோம். யூரியா மூட்டை வாங்குவது நன்றாகவே குறைந்திருக்கிறது. கட்டப் போகிறவர்கள் குமிழின் உட்பூச்சில் மட்டும் காசு மிச்சம் பார்க்காதீர்கள். அங்கே விரிசல் விட்டால் கலனையே காலி செய்துதான் பூச முடியும்.