லப்டொப் காட்டும் பிழையை எவ்வளவு நம்பலாம்? சில வருடப் பாவனை அனுபவம்

டெல் லப்டொப்பை ஒன் செய்யும்போது எஃப் 12 அழுத்தி டயக்னோஸ்ரிக்ஸ் (மெஷின் தன்னைத்தானே சோதிக்கும் புரோகிராம்) ஓடவிட்டால் சில வேளை 2000-0333 என்ற இலக்கத்துடன் வந்து நிற்கும். கிராஃபிக்ஸ் ரெஸ்ற் தோல்வி. மதர்போட் போச்சு, காசும் போச்சு என்று நினைக்கத் தோன்றும். செய்தியைக் கடைசிவரை வாசித்தால், கீபோட்டில் இருந்து பதில் வராததால் நேரம் கடந்துவிட்டது என்று மட்டும்தான் இருக்கும். ரெஸ்ற் நடுவில் நிறக்கோடுகளைக் காட்டி, தெரிகிறதா என்று கேட்கும். உடனே ‘வை’ (Y) எழுத்தை அழுத்த வேண்டும். அந்த நேரம் தேத்தண்ணி குடிக்க எழும்பிப் போயிருந்தால் இந்தப் பிழை வரும். கிராஃபிக்சுக்கு ஒரு பழுதும் இல்லை.

மற்றப் பிழைகள் இவ்வளவு வெளிப்படையாக இருக்காது, ஆனால் சங்கதி ஒன்றுதான். மெஷின் ஒரு பாகத்திடம் கேள்வி கேட்கிறது. பதில் ஒழுங்காக வராவிட்டால் அந்தப் பாகத்தின் பெயரைத் திரையில் போடுகிறது. கேள்வி போய்வரும் வழியில் கேபிள், கனெக்டர், பின், கரண்ட் எல்லாம் இருக்கின்றன. அவற்றின் பெயர் திரையில் வருவதில்லை. சோளகத்துத் தூசி, மாரி ஈரம், கரையோர வீடுகளில் உப்புக்காற்று என்று யாழ்ப்பாணத்தில் அந்த வழிகளுக்குத்தான் அடி அதிகம்.

அதிகம் ஏமாற்றுவது சார்ஜர். வெளிநாட்டில் இருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த லப்டொப், கூட வந்த அடப்ரர், அதற்கு ஒரு மல்ரி பிளக் என்று பல வீடுகளில் ஓடுகிறது. ஒருநாள் ‘அடப்ரரின் வகையை அறிய முடியவில்லை’ என்று வரும். பற்றரி ஏறாது, மெஷினும் ஆமை வேகத்தில் ஓடும். இரண்டும் சேர்ந்து வருவதால் பற்றரிதான் பழுது என்று புதுப் பற்றரி வாங்கிப் பூட்டுகிறார்கள். பிறகும் அதே கதைதான்.

டெல்லின் உருண்டைப் பிளக்கைத் திருப்பி டோர்ச் அடித்துப் பாருங்கள். நடுவில் ஊசிபோல் ஒரு மெல்லிய பின் தெரியும். அதில் மின்சாரம் வருவதில்லை. ‘நான் 65 வாற் அடப்ரர்’ என்று மெஷினுக்குச் சொல்வது மட்டும்தான் அதன் வேலை. மின்சாரம் வருவது பிளக்கின் உள்வளையத்திலும் வெளிவளையத்திலும். மல்ரிமீற்றர் வைத்தால் 19.5 வோல்ற் ஒழுங்காகக் காட்டும், அதனால் அடப்ரர் நல்லது என்றே தோன்றும். நடுப்பின் வளைந்திருந்தாலோ, அதற்கு வரும் மெல்லிய வயர் பிளக்கின் கழுத்தடியில் அறுந்திருந்தாலோ மெஷினுக்கு அடப்ரரை அடையாளம் தெரியாது. அடையாளம் தெரியாத அடப்ரரை நம்பி அது பற்றரியை ஏற்றாது, புரொசெசரின் வேகத்தையும் பிடித்துக் குறைத்துவிடும். வேகம் குறைந்ததற்கு விண்டோஸை மறுபடி போட்டுப் பயனில்லை.

பரிசோதனை சுலபம். பயோசுக்குள் (விண்டோஸ் தொடங்குமுன் வரும் அமைப்புத் திரை) போய் பற்றரிப் பக்கத்தில் அடப்ரர் வாற் இலக்கம் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் அதே வாற் அல்லது கூடிய வாற் உள்ள இன்னொரு ஒரிஜினல் அடப்ரரை இரவல் வாங்கிச் செருகுங்கள். இலக்கம் வந்தால் பழைய அடப்ரரை மாற்றினால் போதும். அதற்கும் வராவிட்டால் லப்டொப் பக்கத்துச் சார்ஜிங் ஜக்கைச் சந்தேகியுங்கள். பல மொடல்களில் அது மதர்போட்டில் ஒட்டியிருக்காது, சிறு வயருடன் தனியாகக் கழன்று வரும் பாகம். மதர்போட் என்று யாராவது சொன்னால், ஜக்கை மாற்றிப் பார்த்தீர்களா என்று கேளுங்கள்.

அடுத்தது ஹார்ட் டிஸ்க். டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிறிஸ்ரல் டிஸ்க் இன்ஃபோ என்ற புரோகிராம் நல்ல கருவி, அதில் சந்தேகமில்லை. ஆனால் மேலே தெரியும் நீலமும் (நல்லது) மஞ்சளும் (கவனம்) பாதிக் கதைதான். ஒவ்வொரு வரியின் உண்மையான எண்ணிக்கையான ரோ வல்யூவை அது வழமையாக 16இன் அடி எண்ணில் காட்டும். முதலில் அமைப்பில் அதைப் பத்தின் அடிக்கு மாற்றிவிட்டு நாலு வரிகளை மட்டும் பாருங்கள்: 5 (கெட்டதால் மாற்றப்பட்ட செக்டர்கள், அதாவது தரவு எழுதப்படும் சிறு பகுதிகள்), 197, 198 (வாசித்துத் திருத்த முடியாத செக்டர்கள்), 199. வரி இலக்கங்கள் மட்டும் அதில் 16இன் அடியிலேயே 05, C5, C6, C7 என்று நிற்கும். சீகேட் டிஸ்க்கில் 1, 7 ஆகிய வரிகளில் கோடிக்கணக்கில் இலக்கம் நிற்பதைக் கண்டு பயப்படத் தேவையில்லை. வாசித்த, தேடிய தடவைகளின் எண்ணிக்கையும் அந்த இலக்கத்துக்குள்ளேயே சேர்ந்திருக்கிறது.

199 என்பது சி.ஆர்.சி பிழை. டிஸ்க்குக்கும் மதர்போட்டுக்கும் இடையில் தரவு போகும்போது வழியில் கெட்டுப்போன தடவைகளை அது எண்ணுகிறது. டிஸ்க்கின் உள்ளே தரவு எழுதப்படும் தட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. இந்த இலக்கம் ஒருபோதும் குறையாது, கேபிளை மாற்றிய பிறகும் பழைய எண்ணிக்கை அப்படியே நிற்கும். ஆகவே 340 என்று இருப்பது ஒன்றையும் சொல்லாது, 340 இருந்த இடத்தில் 352 ஆனால்தான் செய்தி. எழுதி வைத்துக்கொண்டு 20, 30 ஜிபி கோப்புகளைக் கொப்பி செய்துவிட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் டிஸ்க்கைக் கழற்றி, அதன் தட்டையான ரிப்பன் கேபிளை இரு முனையிலும் கழற்றிப் பூட்டுங்கள். மடிப்பு விழுந்திருந்தால் கேபிளையே மாற்றுங்கள். டிஸ்க்கின் விலையோடு பார்த்தால் அது சின்னக் காசு.

197 வேறு. வாசிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் செக்டர்கள் அவை. பற்றரி செத்த லப்டொப்பை நேரே கரண்டில் ஓட்டும்போது எழுதிக்கொண்டிருந்த நேரம் கரண்ட் போனாலும் இது வரும், தட்டு உண்மையிலேயே கெட்டாலும் வரும். பிரித்தறிய வழி இருக்கிறது. முதலில் எல்லாவற்றையும் வேறிடத்தில் கொப்பி எடுங்கள். பிறகு குயிக் இல்லாமல் முழு ஃபோர்மற் கொடுங்கள், 1 ரிபி டிஸ்க்குக்கு 3 மணித்தியாலம் அளவில் போகும். அதன்பின் 197 பூச்சியமாகி 5ஆம் வரி அசையாமல் நின்றால் அது கரண்ட் செய்த வேலை, டிஸ்க்கைத் தொடர்ந்து பாவிக்கலாம். 5ஆம் வரி ஏறினால் அந்த டிஸ்க்கில் கலியாணப் படங்களை வைக்காதீர்கள்.

ஹார்ட் டிஸ்க் ரெஸ்ற் தோல்வி என்று வரும் டெல்லின் 2000-0142ஐ மட்டும் இலேசாக எடுக்க வேண்டாம். அதில் ஸ்ரேற்றஸ் என்று இரண்டு எழுத்து இருக்கும். முதல் இலக்கம் 1 அல்லது 2 என்றால் ரெஸ்ற் இடையில் நிறுத்தப்பட்டது, திரும்ப ஓடவிடலாம். 79 என்று வந்தால் 7 வாசிப்புத் தோல்வி, 9 ரெஸ்ற் இன்னும் 90 வீதம் மிச்சம் இருக்கும்போதே விழுந்தது என்று அர்த்தம். அங்கே கேபிளைத் தேடி நேரத்தை வீணாக்காமல் தரவை எடுங்கள்.

மெமறிப் பிழையில் பாகத்தைவிட ஸ்லொட்டையும் தொடுமுனையையும் முதலில் பார்ப்பது நல்லது. கரையோரத்தில் நாலைந்து வருடம் ஓடிய லப்டொப்பின் மெமறியை வெளியே எடுத்தால் தங்க நிறப் பற்களில் மங்கலான படை தெரியும். 99 வீத ஐசோபுறோப்பைல் அற்ககோலில் நனைத்த பஞ்சில்லாத துணியால் துடைத்து, காய்ந்த பிறகு பூட்டுங்கள். கழற்றுவதற்கு முன் உட்பற்றரியின் கனெக்டரைக் கட்டாயம் இழுத்துவிட வேண்டும். ஓஃப் செய்தாலும் போட்டில் கரண்ட் நிற்கும். பிழை தொடர்ந்தால் ஒரு மெமறியை மட்டும் ஒவ்வொரு ஸ்லொட்டிலும் மாற்றி மாற்றிப் போட்டு மெமறியைச் சோதிக்கும் மெம்ரெஸ்ற் 86 புரோகிராமை இரவு முழுவதும் விடுங்கள். பிழை மெமறியோடு நகர்ந்தால் மெமறி, ஸ்லொட்டிலேயே நின்றால் ஸ்லொட். அதில் மெமறியை வலிந்து வருத்தும் 13ஆம் இலக்க ஹமர் ரெஸ்றில் மட்டும் விழுந்தால் அன்றாடப் பாவனைக்கு அது பெரிய விடயமில்லை.

அடுத்தது ஃபான் பிழை, எச்பி லப்டொப்பில் அதன் இலக்கம் 90பி. காதைக் கிட்ட வைத்தால் ஃபான் சுற்றும் சத்தம் கேட்கிறது, திரையில் ஃபான் ஓடவில்லை என்கிறது. ஃபானின் வேகத்தைச் சொல்வது தனி வயர். கனெக்டர் அரைகுறையாகப் பூட்டப்பட்டிருந்தால் ஃபான் சுற்றும், வேகம் மட்டும் போய்ச் சேராது. தூசி தட்டியபின் வந்த பிழை என்றால் கிட்டத்தட்ட நிச்சயம் அதுதான். கனெக்டரைச் சரிசெய்தும் போகாவிட்டால் சார்ஜரையும் பற்றரியையும் கழற்றிவிட்டுப் பவர் பட்டனை 30 செக்கன் அழுத்திப் பிடித்து, பிறகு ஒன் செய்து பாருங்கள்.

ரச்பாட் தானாகத் துள்ளினால் சார்ஜரைப் பிடுங்குங்கள். துள்ளல் நின்றால் குறை பிளக்கின் எர்த்தில், இரண்டு பின் மல்ரி பிளக்கைத் தூக்கிவிட்டு எர்த் உள்ள மூன்று பின்னுக்கு மாறுங்கள். நிற்காமல், அழுத்தவும் இறுக்கமாக இருந்தால் லப்டொப்பை மேசையில் வைத்து ஆடுகிறதா என்று பாருங்கள். பற்றரி வீங்கி அடியில் இருந்து தள்ளும்போது முதலில் கெடுவது ரச்பாட்தான். அப்படியானால் சார்ஜ் ஏற்றவே வேண்டாம், அன்றைக்கே கழற்றிவிட வேண்டும்.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவன்ற் வியூவரில் கேர்னல்-பவர் 41 என்று சிவப்பில் நிற்பதைக் காட்டி பவர் சர்க்கிற் பழுது என்று விலை சொன்னால் சம்மதிக்காதீர்கள். போன தடவை மெஷின் ஒழுங்காக மூடப்படவில்லை, அதற்குமேல் அது எதுவும் சொல்வதில்லை. கரண்ட் போனாலும் வரும், பவர் பட்டனை அழுத்திப் பிடித்து ஓஃப் செய்தாலும் வரும். விவரப் பகுதியில் பக்செக் கோட் (நீலத்திரைப் பிழையின் இலக்கம்) பூச்சியம் இல்லாவிட்டால் நீலத்திரை வந்திருக்கிறது, அந்த இலக்கத்தை வைத்துத் தேடலாம். அதுவும் பவர் பட்டன் நேரமும் பூச்சியம் என்றால் மெஷின் உறைந்திருக்கலாம், அல்லது கரண்ட் அறுந்திருக்கலாம். அப்போது முதலில் பார்க்க வேண்டியது சுவரில் இருக்கும் பிளக்.