காப்புரிமை முதலா, களம் முதலா?

ஆய்வைச் சந்தைக்குக் கொண்டுசெல்ல உதவும் பல்கலைக்கழக அலுவலர்களில், காப்புரிமைக்கு விண்ணப்பிக்குமுன் கட்டுரை வெளியானால் அதற்குத் தேவையான புதுமை போய்விடும் என்று பேராசிரியரைத் தடுத்து நிறுத்துபவர் ஒருவகை; பத்தமடையில் கோரைப்பாய்த் தறியருகே உட்கார்ந்து, ஈரக் கோரையைத் தொட்டுப் பார்த்து, ஆய்வில் உருவான இக்கருவி நெசவாளருக்கு உதவுமா என்று முதலில் கேட்பவர் மற்றொருவகை. முன்னவரின் எச்சரிக்கை சட்டப்படி சரியே. ஆனால் 20 ஆண்டுக் காப்புரிமையை வாங்க ஆளில்லாவிட்டாலும், அதைத் தக்கவைக்கப் புதுப்பிப்புக் கட்டணம் கட்டியாக வேண்டும். விண்ணப்பத் தேதியை மறக்காதவரை, பின்னவரே எனக்கு உவப்பானவர். களத்திலிருந்து தொடங்கியதற்கு ஒரு சான்று: அகத்தியமலைக் காணிப் பழங்குடியினரின் ஆரோக்கியப்பச்சை மூலிகை பற்றிய அறிவிலிருந்து பிறந்த ஜீவனி மருந்துக்கு 1990களில் உரிமம் வழங்கிய திருவனந்தபுரத்து ஆய்வு நிறுவனம், உரிமக் கட்டணத்திலும் விற்பனைப் பங்கிலும் பாதியைக் காணிகளுக்கு ஒதுக்கியது. பாபநாசம் மலையிலும் காணிகள் வாழ்வதால், திருநெல்வேலியை அடுத்த அபிஷேகப்பட்டியிலுள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக்கு இது அயலூர்க் கதையன்று.