அசிட்ரோமா, அபிக்சபானா? முதுகுத்தண்டுக்குள் ரத்தம் கசிந்தால் என்ன வித்தியாசம்?

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மதுரைப் பக்கம் ஏராளம். வால்வு மாற்றியவர்கள் கையில் அசிட்ரோம் அல்லது வார்ஃபரின் இருக்கும். இதயத் துடிப்பு தாறுமாறாக இருப்பதால் பக்கவாதத்துக்குப் பயந்து மாத்திரை வாங்கும் பெரியவர்கள் பலர் அபிக்சபான், ரிவராக்சபான், டாபிகாட்ரான் என்ற புதிய வகைக்கு மாறிவிட்டார்கள்.

உலோக வால்வு என்றால் போட்டியே இல்லை, பழையதுதான். அவர்களுக்கு டாபிகாட்ரான் கொடுத்துப் பார்த்த ஆய்வை 2012இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். ரத்தக்கட்டும் கூடியது, கசிவும் கூடியது. ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு கெட்டுத் துடிப்பும் தவறியவர்களுக்கு, 2022இல் வெளிவந்த ஆய்வில், ரிவராக்சபானைவிடப் பழைய வகையே அதிக உயிர்களைக் காத்தது.

மற்ற துடிப்புக் கோளாறுக்காரர்களுக்கு என் ஓட்டு அபிக்சபானுக்கு. 18,000 பேருக்கு மேல் சேர்ந்த 2011 ஆய்வில், வார்ஃபரினோடு ஒப்பிட்டால் பெரிய கசிவு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மண்டைக்குள் கசிவு பாதிக்கும் கீழே போனது. உசிலம்பட்டியிலிருந்தும் பேரையூரிலிருந்தும் ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று எண்ணாகக் காட்டும் ஐஎன்ஆர் சோதனைக்குப் பஸ் ஏறும் அலைச்சலும் இல்லை. பழைய மாத்திரையில் அந்த எண் பெரும்பாலும் 2க்கும் 3க்கும் நடுவில் நிற்க வேண்டும். ஒரு வாரம் முருங்கைக்கீரை, மறுவாரம் கீரையே இல்லை என்றால் எண் ஆடும். கீரையை விடச் சொல்லவில்லை, ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும். புதிய வகையில் இரண்டு வேளை மறந்தாலே காவல் போய்விடும். சிறுநீரகம் பழுதானவர்கள் டாபிகாட்ரானில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அதில் சுமார் 80 விழுக்காடு சிறுநீர் வழியாகத்தான் வெளியேறுகிறது.

முதுகுத்தண்டைச் சுற்றிக் கசியும் ரத்தம் விஷயத்தில் எந்த மாத்திரைக்கும் விலக்கு இல்லை. மிக அரிது, ஆனால் வந்தால் மணிக்கணக்குதான் அவகாசம். முதுகிலோ கழுத்திலோ திடீரென்று வெட்டுவதுபோல் வலி, பிறகு கால் மரத்துப்போதல், கால் பலமிழத்தல், சிறுநீர் அடைத்துக்கொள்வது. தேங்கிய ரத்தம் தண்டுவடத்தை நசுக்குகிறது. எம்ஆர்ஐ எடுத்து, பெரும்பாலும் அறுவை செய்து ரத்தத்தை வெளியேற்ற வேண்டும். கால் செயலிழக்கத் தொடங்கி 12 மணி நேரத்துக்குள் செய்தால் மீள வாய்ப்பு அதிகம்.

நம் ஊரில் நடப்பதோ வேறு. இடுப்பு பிடித்துக்கொண்டது என்று சுளுக்கு வழிக்கப் போகிறோம், இல்லையென்றால் தெருமுனையில் டைக்ளோஃபெனாக் என்ற வலி ஊசி போட்டுக்கொள்கிறோம். அந்த ஊசி கசிவு ஆபத்தைக் கூட்டும், நேரமும் போய்விடும். மாத்திரை சாப்பிடுகிற அப்பாவுக்கோ அம்மாச்சிக்கோ இப்படி வலி வந்தால், கால் பலம் குறைகிறதா என்று காத்திருந்து பார்க்காமல் நரம்பு அறுவை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு நேராகக் கொண்டுபோங்கள். அரசு இராசாசி மருத்துவமனை மதுரையிலேயே இருக்கிறது.

மாத்திரையின் வேலையைத் தடுக்கும் முறிவு மருந்தில் பழைய வகைக்கு ஒரு பலம் உண்டு. வைட்டமின் கே ஊசி எளிதில் கிடைக்கும். அது வேலை செய்யச் சில மணி நேரமாகும் என்பதால் ரத்தத்தை உறையவைக்கும் உறைவுக் காரணிகள் செறிந்த மருந்தையோ பிளாஸ்மாவையோ கூடவே ஏற்றுவார்கள். டாபிகாட்ரானுக்கு 2015இல் அனுமதி பெற்ற இடாருசிசுமாப் நிமிடங்களில் முறிக்கும், ஆனால் எல்லா இடத்திலும் கையிருப்பு இருக்காது. அபிக்சபான், ரிவராக்சபானுக்குப் பல இடங்களில் அந்த உறைவுக் காரணி மருந்தைத்தான் கொடுக்கிறார்கள்.

ஹெர்னியாவுக்கோ மூட்டு மாற்றவோ முதுகில் ஊசி போட்டு மரக்கச் செய்யும்போதும் இதே ஆபத்து உண்டு. அபிக்சபான், ரிவராக்சபானை வழக்கமாக மூன்று நாள் முன்பு நிறுத்தச் சொல்வார்கள். டாபிகாட்ரானுக்குச் சிறுநீரகத்தைப் பொறுத்து ஐந்து நாள் வரை. வார்ஃபரினை ஐந்து நாள் நிறுத்தி ஐஎன்ஆரும் சீரானதைப் பார்ப்பார்கள். நீங்களாக ஒருநாள்கூட நிறுத்த வேண்டாம், வால்வில் ரத்தக்கட்டு சேரலாம். மாத்திரையின் பெயரையும் கடைசியாகச் சாப்பிட்ட நேரத்தையும் சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருங்கள். எந்த முறிவு மருந்து என்று மருத்துவர் முடிவெடுக்க முதலில் கேட்பது அந்த இரண்டைத்தான்.